ஊரோடு ஓடிப்போன கல்யாணம்

டில்லிபாபுவின் வாயில் ரகசியம் தங்காது என்பது நொச்சிக்குப்பம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஏஞ்சலுக்கும் தெரியும். ஆனால் அப்பாவுக்குத் தெரியாமல் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போக அவளுக்கு வேறு மீன்பிடி போட்டு கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. பாதி ஊர் கவுச்சி தொடாத நாள். லூப் ரோட்டு மீன் மார்க்கெட்டில் ஈக்களை விட ஆட்கள் குறைவாக இருந்தார்கள். ஏஞ்சலின் அம்மா ஜெசிந்தா தன் மேடையில் சங்கரா மீன்களைத் தலை ஒரு பக்கமாக அடுக்கி, மேலே ஒரு கை தண்ணீர் தெளித்தாள். எதிரே டில்லிபாபு வந்து கால் மாற்றிக் கால் வைத்து நின்றான்.

"யக்கா, சனிக்கெயமை காத்தால என் போட்டு ஃப்ரீயா கீதான்னு உம் பொண்ணு கேக்குது."

"எதுக்குடா?"

"அத்த மட்டும் கேக்காதக்கா. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கீது."

"சரி, கேக்கல."

அவள் இறாலைப் பொறுக்க ஆரம்பித்தாள். டில்லிபாபு போகவில்லை. தலையைச் சொறிந்தான்.

"இன்னாக்கா, கேக்கவே மாட்டியா?"

"சத்தியம் பண்ணிட்டேன்றியே."

"எது மேல பண்ணேன்னு கேளு. என் பழைய எஞ்சின் மேல. அது போன வருசமே பூட்ச்சு."

பக்கத்து மேடையில் நண்டைக் கட்டிக்கொண்டிருந்த காவேரி சிரித்துவிட்டாள். அதற்கு மேல் அவனால் அடக்க முடியவில்லை.

"கண்ணாலம்க்கா. நடுக்கடல்ல. பொண்ணு, மாப்ள, அதோட ஆபீஸ் ஃபிரண்டு ருக்சாரு, நானு. மொத்தம் நாலே பேரு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு மாசம் முன்னாடியே நோட்டீஸ் குடுத்துட்டாங்களாம். திங்கக்கெயமை கையெழுத்து."

"மாப்ள யாரு?"

"டி.நகர் துணிக்கடைக்காரரு பையன், சுரேஷ்குமாரு. உன்னாண்ட மீன் வாங்குமே முத்துலட்சுமியம்மா, அது பையன். பின்னாடியே பையத் தூக்கிக்கினு வருமே, அதான்."

ஜெசிந்தாவுக்கு அந்தப் பையனைப் பதினைந்து வயதிலிருந்து தெரியும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவோடு வருவான். மேடை ஈரத்தில் பேண்ட் படாமல் ஓரமாக நிற்பான். இரண்டு வருஷமாக ஓரத்தில் நிற்பதை விட்டுவிட்டு, லீவு நாளில் ஏஞ்சல் மீன் வெட்டும் இடத்தில் வந்து நின்றான். செதில் எல்லாம் மேலே தெறித்தும் நகரவில்லை. அப்போதே தனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது. நல்ல பையன்தான். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

"டில்லி" என்றாள். "நாலு பேர்ல நீ கூட கீற. நான் இல்ல பாத்தியா."

டில்லிபாபு ஒரு பெரிய இறாலை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான்.

ஏஞ்சல் தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆபீஸ் பஸ் சாந்தோம் முனையில் இறக்கிவிட, வீட்டுக்கு வரும்போது ஆறரை ஆகிவிடும். அன்றைக்கு வந்ததும் ஜெசிந்தா தட்டு வைத்தாள். சுடுசோறு, காரப்பொடி மீன் குழம்பு, இரண்டு சங்கரா வறுவல். மகள் முதல் கவளம் எடுக்கும்வரை காத்திருந்து கேட்டாள்.

"சனிக்கெயமை ஓடிப்போறியாமே?"

ஏஞ்சலுக்கு முள் குத்தியது போல ஆயிற்று. "டில்லி அண்ணன..." என்று ஆரம்பித்தாள்.

"அவன வுடு. அவன்கிட்ட சொன்னா மைக்குல சொன்ன மாதிரின்னு உனக்குத் தெரியாதா? பெத்தவகிட்ட ஏண்டி சொல்லல? நான் இன்னா, கட்டிப்போட்டா வெச்சிருப்பேன்?"

"உன்கிட்ட சொன்னா அப்பாகிட்ட சொல்லணும். அப்பாகிட்ட சொன்னா குப்பமே வரும்."

"வரட்டுமே. அதுக்கு ஓடணுமா?"

ஏஞ்சல் தட்டைத் தள்ளி வைத்தாள். குரல் தணிந்துவிட்டது.

"தீபாவளி முடிஞ்சு அவரு வீட்ல சொன்னாரும்மா. அவங்க அப்பா ஒரே வார்த்தைதான் கேட்டாராம். மீன்காரி வீட்லயான்னு. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. அதான் அவங்க அம்மா மீன் வாங்கக் கூட வர்றதில்ல. அந்தப் பக்கம் ஒருத்தரும் வர மாட்டாங்க. நம்ம பக்கம் முந்நூறு பேரு, அவரு மட்டும் தனியா நிப்பாராம்மா? எனக்கு மனசு கேக்கல. அதான் எனக்கும் யாரும் வேணாம்னுட்டேன்."

மூன்று மாதமாக முத்துலட்சுமி அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று ஜெசிந்தா காவேரியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மீன்காரி என்ற சொல் அவளைச் சுட்டது உண்மை. ஆனால் அதைவிட, தன் மகள் யாரோ ஒருவன் தனியாக நிற்கக் கூடாதென்று தன் பக்கத்தையும் காலி பண்ணிக்கொண்டாள் என்பது அதிகமாகச் சுட்டது. தட்டை மறுபடி மகள் பக்கம் நகர்த்தினாள்.

"துண்ணு. அந்தப் பக்கம் எத்தினி பேரு வராங்களோ அத்தினி பேருதான் இந்தப் பக்கமும். சரியா?"

"யாரும் வர மாட்டாங்கம்மா."

"அது என் வேல."

மறுநாள் காலை முதல் போட்டில் வந்த வஞ்சிரத்தில் நடுத்துண்டாகப் பார்த்து வெட்டி, கழுவி, மூடி போட்ட டப்பாவில் வைத்து, அதை ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் போட்டுக்கொண்டு டி.நகர் பஸ் ஏறினாள். மேடையைக் காவேரி பார்த்துக்கொண்டாள். லஸ் தாண்டி ஆழ்வார்பேட்டை வரும்போதே பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "ஃப்ரெஷ்ஷு மீனுக்கு வாசனையே வராதும்மா. இது என் பொடவ" என்று ஜெசிந்தா அவளுக்கு விளக்கினாள்.

மழைக்காலத்தில் இரண்டொரு தரம் மீன் கொண்டுவந்து கொடுத்த வீடுதான். கதவைத் திறந்த முத்துலட்சுமி ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள்.

"மூணு மாசமா வரலியேக்கா. அதான் நானே எடுத்துக்கினு வந்தேன்."

"உள்ள வா ஜெசிந்தா. வெளிய நிக்காத. அவுக கடைக்குப் போயிருக்காவ."

உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கிட்ட எப்படி வருவேன் சொல்லு. அவுக அப்படி ஒரு சொல்லு சொன்ன பெறகு..."

"மீன் விக்கிறேன்னு சொன்னாரு. பொய்யா சொன்னாரு?" என்று ஜெசிந்தா காப்பியை உறிஞ்சினாள். "நல்ல மீனுதான் விக்கிறேன். அது உனக்குத் தெரியும்."

முத்துலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவுகளும் ஊருலேருந்து வந்த புதுசுல தோள்ல துணி மூட்டை சுமந்து தெருத்தெருவா வித்தவுகதான். இப்பம் ஏசில இருந்து இருந்து மறந்து போச்சு."

"சனிக்கெயமை ரெண்டும் கடல்ல போயி கண்ணாலம் பண்ணிக்கப் போகுதுங்க. தெரியுமா?"

தெரியவில்லை. முத்துலட்சுமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட சொல்லலையே அவன். நேத்துக்கூட என் கையால தோசை வாங்கித் தின்னுட்டுப் போனானே."

"என்கிட்டயும்தான் சொல்லல. போட்டுக்காரன்கிட்ட சொல்லிக்கீதுங்க ரெண்டும். நம்மளவிட அவன் பெருசாப் பூட்டான்."

அதைக் கேட்டு முத்துலட்சுமிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. ஜெசிந்தாவும் சிரித்தாள். பதினைந்து வருஷமாக மேடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று பேசியவர்கள், முதல் முறையாக ஒரே சோபாவில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"வாக்கா. நீ வரலன்னா எம் பொண்ணு என்னையும் சேத்துக்காது. அந்தப் பக்கம் ஒருத்தர்னா இந்தப் பக்கம் ஒருத்தருன்னு கணக்கு."

"வாரேன்னு சொல்ல மாட்டேன் ஜெசிந்தா. வரலைன்னும் சொல்ல மாட்டேன். முப்பது வருசமா அவுக போட்ட கோட்டை நான் தாண்டினதில்ல." டப்பாவைத் திறந்து பார்த்தாள். "இதை என்னன்னு சொல்லிக் குழம்பு வைக்கட்டும்?"

"மீனுன்னு சொல்லி வெய்யி."

கணவன் ஜானிடம் வியாழக்கிழமைதான் சொன்னாள். அவன் வலைக்குப் போய்த் திரும்பி, குளித்து, நாஸ்டா முடித்து, நல்ல மனநிலையில் இருந்த நேரம். கேட்டுவிட்டு அவன் மகள் ஓடிப்போவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கல்யாண ஹால் இல்லாததைப் பற்றித்தான் கவலைப்பட்டான்.

"பேண்டு இல்ல, லைட்டு இல்ல, ஃபாதரு கூட இல்ல. இன்னாமே கண்ணாலம் இது? நான் எத்தினி பேரு கண்ணாலத்துல துண்ணுக்கீறேன். அவங்களுக்கு இன்னா பதில் சொல்வேன்?"

"ஃபாதருகிட்ட அப்பாலிக்கா பேசிக்கலாம். இப்போ கணக்கு ஒருத்தருதான். முத்துலட்சுமியக்கா வந்தா நான் போவேன்."

"அப்போ நானு?"

"நீ கணக்குல வரல."

ஜான் எழுந்து வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தான். "டில்லிக்கு அலை தாண்டி எடுக்கத் தெரியாது. கவுத்துடுவான். நான் அப்பனா வர்ல. எஞ்சின் புடிக்க வர்றேன். அத்த யாரும் தடுக்க முடியாது."

அது நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயம் குப்பத்து ஹவுசிங் போர்டில் பிளாக் பிளாக்காகப் பரவிவிட்டது. கல்யாணத்துக்கு வரக் கூடாது, சரி. கடற்கரையில் அவரவர் வேலையைப் பார்க்கக் கூடாது என்று யார் சொன்னது?

சனிக்கிழமை விடிந்தபோது மாசி மாதத்துக் கடல் பாய் விரித்த மாதிரி கிடந்தது. ஏஞ்சல் அரக்குப் பட்டுப் புடவையில் ருக்சாரின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கி வந்தவள் நின்றுவிட்டாள். காவேரி பச்சைப் பட்டு கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, தார்ப்பாயில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாலைந்து ஆண்கள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து, கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஜரிகை வேட்டியோடு போட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ ரிப்பேர் பார்த்தார். எண்பது பேருக்குக் குறையாது. அத்தனை பேரும் அவளைப் பார்க்காதது போல நடித்தார்கள்.

"அம்மா, இதெல்லாம் இன்னா?"

"அவங்கவங்க வேலையப் பாக்குறாங்க. நான் இன்னா பண்ண முடியும்?" என்றாள் ஜெசிந்தா. அவளே மூன்று மணிக்கு எழுந்து, ஐந்து குண்டான் இட்லியும், மீன் குழம்பும், சனிக்கிழமை கவுச்சி தொடாதவர்களுக்கென்று தனியாக வடகறியும் செய்து வைத்திருந்தாள். கவுச்சி தொடாதவர்கள் என்று அந்தக் கரையில் அப்போது இருந்தது சுரேஷ்குமார் ஒருவன்தான்.

அவன் வேட்டி சட்டையில் போட்டு ஓரமாக நின்றான். சிரித்துச் சிரித்துப் பேசினான். ஆனால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கண் ரோட்டுப் பக்கம் போய் வந்தது. ஏஞ்சலும் பார்த்தாள். ஜெசிந்தாவும் பார்த்தாள். மணி ஏழு ஆயிற்று. சூரியன் ஒரு முழம் ஏறிவிட்டது. ஜான் எஞ்சினைத் துடைத்த இடத்தையே துடைத்தான்.

"அத்தை, கிளம்பலாம்" என்றான் சுரேஷ்குமார். முதல் தரமாக அவளை அத்தை என்று கூப்பிட்டான். "வெயில் வந்திரும்."

"இரு நைனா. அஞ்சு நிமிசம்."

அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு வெள்ளைக் கார் லூப் ரோட்டில் ஊர்ந்து வந்து நின்றது. முன் கதவைத் திறந்துகொண்டு முத்துலட்சுமி இறங்கினாள். மாம்பழ நிறப் பட்டு, கையில் ஒயர் கூடை. கார் அணையவில்லை. கண்ணாடியும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவள் கணவர் வெள்ளைத்துரை நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சுரேஷ்குமார் ஓடிப்போய் அம்மாவைப் பிடித்தான். அவள் அவனை விட்டுவிட்டு ஜெசிந்தாவிடம் வந்தாள். மூச்சு வாங்கியது.

"புதன்கிழமை குழம்புல ரெண்டு துண்டு கூட வாங்கிச் சாப்பிட்டாவ ஜெசிந்தா. யாருட்ட வாங்கினன்னு கேக்கவே இல்ல. கேக்கலையேன்னுதான் எனக்குத் தைரியம் வந்துச்சு. இன்னைக்குக் காலைல, நான் போறேன்னு சொன்னேன். சாவியை எடுத்துட்டு வந்துட்டாவ. வழியெல்லாம் ஒரு பேச்சு இல்ல."

ஜான் ஒரு தம்ளர் டீயோடு காருக்குப் போனான். ஜெசிந்தா பின்னாலேயே போனாள். கண்ணாடி பாதி இறங்கிற்று.

"நான் வந்ததா நினைச்சுக்கிடாதீக" என்றார் வெள்ளைத்துரை, எதிரே இருந்த கம்பத்தைப் பார்த்து. "அவளுக்கு ஆட்டோ ஒத்துக்கிடாது. வண்டி ஓட்டிட்டு வந்தேன். அவ்வளவுதான்."

"நானும் டிரைவர்தான் சார்" என்றான் ஜான். "போட்டுக்கு. என்னையும் சேத்துக்கல. டீ குடி சார், சக்கர கம்மிதான்."

வெள்ளைத்துரை முதல் முறையாகத் திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு அவன் பின்னால் கரையைப் பார்த்தார். ஜரிகை வேட்டியோடு போட்டுக்கு அடியில் கிடந்தவரையும், பட்டுப் புடவையில் நெத்திலி கிளறியவளையும் பார்த்தார். டீயை வாங்கிக்கொண்டார். கண்ணாடி ஏறிவிட்டது.

அதுவே போதும் என்று ஜெசிந்தா திரும்பினாள். கூடையில் மஞ்சள் தடவிய கயிறும், ஒரு விரலி மஞ்சளும், பூவும் இருந்தன. முத்துலட்சுமி கயிற்றை எடுத்து ஜெசிந்தாவிடம் நீட்டினாள். "உங்க வழக்கத்துக்கு ஏதாவது உண்டுமா?" ஜெசிந்தா தன் கழுத்திலிருந்த சின்னச் சிலுவையைக் கழற்றி விரலி மஞ்சளுக்குப் பக்கத்தில் கோத்தாள்.

"இதை நான்தான் எடுத்துக் குடுக்கணும்" என்றாள் முத்துலட்சுமி. "போட்டுல என்னையும் ஏத்துங்க."

"யக்கா, நீ கரையில நில்லு. தாலிய இங்கயே குடுத்துடு. அலையில தூக்கிப் போடும்" என்றாள் ஜெசிந்தா.

"அவன் கல்யாணத்துக்கு வந்துட்டுக் கரையில நிக்கவா? ஏத்து."

டில்லிபாபுவும் காவேரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். நீலக் கலர் ஃபைபர் போட்டு. முத்துலட்சுமி குறுக்குப் பலகையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜெசிந்தா, பொண்ணு மாப்பிள்ளை, ருக்சார், டில்லிபாபு எல்லாரும் ஏறினார்கள். "தள்ளு!" என்று ஜான் கத்தியதும் வலை தைத்தவர்கள், நெத்திலி காயவைத்தவர்கள், ரிப்பேர் பார்த்தவர் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து தோள் கொடுத்தார்கள். போட்டு தண்ணீரில் இறங்கியது. முதல் அலையில் மூக்கு மேலே எழும்பிற்று. முத்துலட்சுமி "ஆத்தீ!" என்று ஒரு கூச்சல் போட்டாள்.

கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் ரோட்டிலிருந்து கேட்டது.

"ஏ முத்து! ஏ முத்து! எறங்கு! அவளுக்கு நீச்சல் தெரியாதுய்யா! எறக்குங்க அவளை!"

வெள்ளைத்துரை ஓடி வந்தார். ஒரு செருப்பு ரோட்டிலும் ஒன்று மணலிலும் கிடந்தது. வேட்டியை மடித்துக்கட்டக் கூட நேரமில்லாமல் முழங்கால், தொடை, இடுப்பு என்று தண்ணீருக்குள் வந்துவிட்டார். பின்னால் தள்ளிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் அவரை அக்குளில் பிடித்தார்கள்.

"எறங்க மாட்டேன்" என்றாள் முத்துலட்சுமி. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஆனால் குரல் உறுதியாக இருந்தது. "உங்களுக்கு அவ்வளவு பயம்னா நீங்க ஏறுங்க."

அடுத்த அலை வர இருந்தது. ஜான் எஞ்சினிலிருந்து கத்தினான். "சார், ஒண்ணு ஏறு, இல்லாட்டி ஒதுங்கு! நடுவுல நிக்காத!"

யாராவது தூக்கிவிட்டார்களா, அவர் தானே ஏறினாரா என்று பிறகு குப்பத்தில் பல கதைகள் உண்டு. ஜெசிந்தா பார்த்தது இதுதான்: சுரேஷ்குமார் குனிந்து கையை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பிடித்தார். மறு நிமிஷம் மீன் விழுவது போலப் போட்டுக்குள் தொப்பென்று விழுந்தார். கரையில் விசில் கிளம்பியது. அலை தாண்டியது.

அதற்கப்பால் கடல் அமைதி. ஜான் எஞ்சினை அணைத்ததும் காதுக்குள் ஒரு வெறுமை வந்தது. தூரத்தில் சாந்தோம் கோபுரம், கலங்கரை விளக்கம். தண்ணீர் போட்டின் வயிற்றை மெல்லத் தட்டியது. முத்துலட்சுமி ஒரு கையால் கணவரின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். சுரேஷ்குமார் கட்டினான். மூன்றாவது முடிச்சை ருக்சார் போட்டாள். மந்திரமும் இல்லை, ஜெபமும் இல்லை. ஜெசிந்தா மட்டும் உதட்டுக்குள் முணுமுணுத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். டில்லிபாபு மேளத்துக்குப் பதிலாக வெறும் ஐஸ் பெட்டியைத் தட்டினான். ஜான் முறைத்ததும் நிறுத்தினான். பிறகு ஜானே "தட்டுடா" என்றான்.

வெள்ளைத்துரை ஓரத்தை இறுகப் பிடித்திருந்தார். ஏஞ்சல் குனிந்து அவர் காலைத் தொட வந்தபோது போட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

"அசையாத பிள்ள! அப்படியே இரு!" என்று பதறினார். அதுதான் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. ஏஞ்சல் அப்படியே குந்தினாள்.

கொஞ்ச நேரம் அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அலையில் போட்டு ஆட ஆட, அவள் மட்டும் எதையும் பிடிக்காமல் சாதாரணமாக உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும் மாமா. அஞ்சு வயசுலேர்ந்து."

வெள்ளைத்துரை தன் சட்டையைப் பிடித்திருந்த மனைவியின் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். அதை ஏஞ்சலிடம் நீட்டினார்.

"அப்பம் இங்கன வந்து உக்காரு. கரை சேருத வரைக்கும் இவ கையை விட்றாத."

ஏஞ்சல் பலகையில் நகர்ந்து வந்து மாமியாரின் கையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். முத்துலட்சுமி மறுபடியும் கண்ணை மூடியிருந்தாள், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். சுரேஷ்குமார் கடலைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கரையிலிருந்து காவேரியின் குரல் காற்றில் துண்டு துண்டாக வந்தது. இட்லி ஆறுகிறதாம். ஜான் எஞ்சின் கயிற்றில் கை வைத்தான்.

ஜெசிந்தா அவன் பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"ஒடனே கரைக்கு வுடாத. அடையாறு மொகத்துவாரம் வரைக்கும் போயி, மெதுவா திருப்பு."